சூளைக்குப் போகும் குடும்பம்: பிள்ளையின் படிப்பு அறுபடாமல் இருக்க

முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்துக்குக் கூலி, கல் கணக்கில்தான். கடன் சீக்கிரம் கழியட்டுமென்று பிள்ளையும் கல் புரட்டப் போய்விடுகிறது; படிப்பு அறுபடுவது அங்கேதான்.

போன முதல் வாரமே பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லையா? 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 5-இன்படி சான்றிதழ் தாமதமானாலும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்குச் சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுச் சான்று இல்லாவிட்டாலும் அப்படியே: பிரிவு 14. பள்ளியில் சேர்ந்தால் மதியச் சாப்பாடும் உறுதி. சின்னக் குழந்தைக்கு அங்கன்வாடி.

ரேஷன் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஆதார் இணைந்திருந்தால் வேறு ஊர்க் கடையிலும் அரிசி வாங்கலாம். மண் பிசைந்து தேய்ந்த விரலில் ரேகை பதியாமல் போவதுண்டு. அட்டையில் பெயருள்ள இன்னொருவரையும் கூட்டிப்போங்கள்.