வேலைத்தலத்தில் நின்றுபோன பெக்கோவைத் திருத்தப் போகும்போது

யாழ்ப்பாணத்தில் பெக்கோ (முன்னே அள்ளும் வாளியும் பின்னே தோண்டும் கையும் உள்ள இயந்திரம்), எக்ஸ்கவேற்றர், ரோலர், புல்டோசர் போன்றவற்றைத் திருத்துபவர் தம் வேலைநாளின் பெரும்பகுதியைக் கராஜுக்கு வெளியிலேயே கழிக்கிறார். பழுதான எக்ஸ்கவேற்றரை ஏற்றிவர லோபெட் லொறி பிடித்தால் அதன் வாடகையே சில வேளைகளில் திருத்தக் கூலியை மிஞ்சிவிடும் என்பதால், இயந்திரம் நின்ற இடத்துக்கு மெக்கானிக் போவதே வழக்கமாகிவிட்டது. அந்த இடம் வலிகாமத்துச் செம்மண் தோட்டமாகவும் இருக்கலாம், மணற்காட்டு மணலாகவும் இருக்கலாம், நெடுந்தீவாகவும் இருக்கலாம். கராஜில் வேலை பழகிவிட்டு, இப்போதுதான் தனியாக வெளிவேலைக்குப் போகத் தொடங்கும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பழுது எங்கே என்று உறுதியாகத் தெரியும்வரை எந்தப் பாகத்தையும் வாங்கச் சொல்லாதீர்கள். இங்கே கிடைக்காத பாகம் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து சுமார் 400 கிலோமீற்றர் கடந்து இரவுப் பேருந்தில் வர வேண்டும். தவறான பாகம் வந்து சேர்ந்தால் இயந்திரம் மேலும் இரண்டு நாள் படுத்துக் கிடக்கும். உரிமையாளரின் பணமும் உங்கள் பெயரும் சேர்ந்தே போகும்.

வேலை தொலைபேசியிலேயே தொடங்குகிறது. "அண்ணை, மெசின் இழுக்குதில்லை, கெதியா வாங்கோ" என்று ஒருவர் சொன்னால், அதிலிருந்து பழுதைப் பற்றி ஏறக்குறைய எதையும் அறிய முடியாது. எல்லா அசைவுகளும் மெதுவாகிவிட்டனவா அல்லது ஒன்று மட்டுமா, காலையில் குளிராக இருக்கும்போதே அப்படியா அல்லது சூடேறிய பின்னரா, திடீரென நேர்ந்ததா அல்லது சில வாரங்களாகக் கூடிவந்ததா, கடைசியாக யார் எதைக் கழற்றினார் என்ற நான்கையும் கேட்டறிந்த பின்னரே வான் வண்டியை எடுங்கள். இவற்றை உரிமையாளரிடம் அல்லாமல் இயந்திரத்தை ஓட்டுபவரிடம் கேட்பதே நல்லது. அவரைக் குற்றஞ்சாட்டும் தொனி உங்கள் குரலில் இருந்தால் உண்மை வெளியே வராது. இயந்திரத்தின் தகட்டையும் மணிக்கணக்கு மீற்றரையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே ஓடும் எக்ஸ்கவேற்றர்களில் கணிசமானவை யப்பானில் பாவித்துவிட்டு இறக்குமதி செய்யப்பட்டவை. அவற்றின் பலகைகளில் யப்பானிய எழுத்தே இருக்கும், கைந்நூலும் கூட வராது. அத்தகைய இயந்திரத்துக்குத் தகட்டிலுள்ள தொடர் இலக்கம் இல்லாமல் ஒரு சீல் கூடச் சரியாக வாங்க முடியாது.

வானில் என்ன இருக்க வேண்டும் என்பது ஒவ்வொருவரின் அனுபவத்தைப் பொறுத்தது. ஆயினும் அழுத்தமானி, மல்ரிமீற்றர், பல அளவு ஓ-ரிங்குகள், ஹோஸ் முனைகளை அடைக்கும் இரும்பு மூடிகள், தடித்த பலகைகள், தீயணைப்புக் கருவி, குடிக்கத் தண்ணீர் ஆகியவை இல்லாமல் நான் புறப்படுவதில்லை.

இடத்துக்குப் போனதும் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் இயந்திரத்தைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பூமையும் (இயந்திரத்தின் நீண்ட கை) பக்கெட்டையும் நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஒன் நிலையில் வைத்து, லீவர்களை எல்லாத் திசைகளிலும் பல தடவை அசைத்து, அதன் பின்னர் ஹைட்ரோலிக் (ஒயில் அழுத்தத்தால் இயக்கும் முறை) தாங்கியின் மூடியை மெதுவாகத் திறந்து உள்ளே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள். காரின் ரயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். பெக்கோவின் ஹைட்ரோலிக்கில் 200 முதல் 250 பார் வரையும், 20 தொன் எக்ஸ்கவேற்றரில் ஏறக்குறைய 350 பாரும் இருக்கும். ஊசித்துவாரம் அளவு ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் ஒயில் கண்ணுக்குப் புகைபோலத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எனவே கசிவைக் கையால் தடவித் தேடாமல், ஒரு காட்போட் அட்டைத் துண்டைத் தூரப் பிடித்துத் தேடுங்கள். எப்போதாவது ஒயில் உள்ளே ஏறிவிட்டால், காயம் முள் குத்தியது போலச் சிறிதாகவும் வலி குறைவாகவும் இருக்கிறதே என்று வேலையைத் தொடராதீர்கள். சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலை, ஏன் கையையே இழக்க நேரிடலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரச்செய்யுங்கள், அல்லது உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய், உயர் அழுத்தத்தில் ஒயில் உடலுக்குள் புகுந்துவிட்டது என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். "ஒயில் பட்டுவிட்டது" என்று மட்டும் சொன்னால் அவசரம் புரியாமல் போகலாம்.

தூக்கிய பூமின் கீழோ பக்கெட்டின் கீழோ முட்டுக் கொடுக்காமல் ஒருபோதும் போகக் கூடாது. வேலைத்தலங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைப்பது பனங்குற்றிதான். பனை வைரமானது என்பது உண்மையாயினும் உருண்டைக் குற்றி உருளும், நெடுக வெடிக்கும். ஆகையால் நான்கு பக்கமும் தட்டையாக அறுத்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவதையே நான் ஏற்றுக்கொள்வேன். மணலிலும் மாரிகாலச் செம்மண்ணிலும் ஜக்கின் கீழ் அகலமான பலகை வைக்காவிட்டால், பாரம் ஏறிய பின் ஜக் மெல்லச் சாயும். முகமாலைப் பக்கமும், நீண்ட காலம் மக்கள் வாழாமல் பின்னர் விடுவிக்கப்பட்ட காணிகளிலும் இன்னொரு கவனம் தேவை: மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டாதீர்கள், இயந்திரம் போன தடத்தை விட்டுப் பற்றைக்குள் ஒதுங்காதீர்கள், நிலத்தில் தெரியும் அறியாத இரும்புப் பொருளைப் பழைய இரும்பென்று எடுக்காதீர்கள்.

இனிப் பழுதைக் கண்டுபிடிப்பதற்கு வருவோம். எல்லா அசைவுகளும் பலமிழந்திருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவானவற்றை மலிவிலிருந்து விலைகூடியது என்ற வரிசையில் பாருங்கள்: ஒயில் மட்டம், ஒயிலில் நுரை, உறிஞ்சும் குழாய், பில்ரர், அதன் பின் ரிலீப் வால்வு (அழுத்தம் அளவை மிஞ்சாமல் திறந்து விடும் வால்வு), எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பம்ப். ஒரு சிலிண்டர் மட்டும் பலமிழந்திருந்தால் பம்பைச் சந்தேகிக்கத் தேவையில்லை. அந்தச் சிலிண்டரை முழுதாக நீட்டி, அழுத்தத்தை வெளியேற்றி, தண்டுப் பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸின் முனையை இரும்பு மூடியால் இறுக்கி அடைத்துவிட்டு, ஆட்களை விலக்கி நிறுத்தி, நீட்டும் பக்கத்துக்கு மெதுவாக அழுத்தம் கொடுங்கள். சிலிண்டரின் திறந்த வாயால் ஒயில் தொடர்ந்து வந்தால் பிஸ்ரன் சீல் போய்விட்டது. வராவிட்டால் பிழை வால்வுப் பக்கத்தில் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் சிலிண்டரைப் பிரித்தால் ஒரு பகல் போய்விடும்.

வடமராட்சியில் ஒரு எக்ஸ்கவேற்றர் காலையில் நன்றாக வேலை செய்து, பத்து மணிக்கு மேல் எல்லா அசைவுகளிலும் சோர்ந்தது. பம்பிலிருந்து கீச்சென்ற ஒலியும் வந்தது. பம்ப் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, பாவித்த பம்ப் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து மாட்டினேன். அடுத்த நாள் பத்து மணிக்கு அதே சோர்வும் அதே ஒலியும் திரும்பின. உண்மையான பிழை உறிஞ்சும் ஹோஸில் இருந்தது. வெளியே புதிதுபோலத் தெரிந்த அந்த ஹோஸின் உட்படலம் கழன்று, ஒயில் சூடாகி ரப்பர் இளகியதும் உள்ளுக்கு ஒட்டிக்கொண்டு பம்புக்கு ஒயில் போகாமல் தடுத்திருக்கிறது. ஒலியையும் சூட்டையும் சேர்த்து யோசித்திருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும். அந்தப் பம்பின் விலையை நான் தவணை முறையில் உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அழுத்தமானியை மாட்டிப் பார்க்காமல் பம்பைக் குறை சொன்னதில்லை.

வெளிவேலையில் மிகுதியாக வருவது ஹோஸ் வெடிப்பே. புதிய ஹோஸ் அடிப்பிக்கப் போகும்போது பழைய ஹோஸை முனைகளோடு முழுதாக எடுத்துச் செல்லுங்கள். இரு முனைகளும் வளைந்தவையாக இருந்தால் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைக் கழற்றும் முன்னரே படம் பிடியுங்கள். முனைகளின் திருகுப் புரிகளில் பலர் ஏமாறுகிறார்கள். முனையின் கூம்புச் சரிவு அமெரிக்க ஜே.ஐ.சி முறையில் 37 பாகை, யப்பானிய இயந்திரங்களின் முனைகள் பலவற்றிலும் பிரித்தானிய பீ.எஸ்.பி முறையிலும் 30 பாகை (பீ.எஸ்.பி-யில் இதையே முழுக்கோணமாக 60 பாகை என்பார்கள்). கிட்டத்தட்ட ஒரே அளவிலுள்ள இரு முனைகள் இரண்டு மூன்று சுற்றுப் பிடித்து இறுகியது போலக் காட்டும், வேலைக்குப் போனதும் கக்கும். கையால் முழுதாகச் சுற்ற முடியாத புரியை ஸ்பானரால் வற்புறுத்தாதீர்கள். கழற்றிய வாய்களை உடனடியாக மூடுங்கள். ஹைட்ரோலிக் வால்வுகளின் உள் இடைவெளி தலைமயிரின் தடிப்பை விடவும் சிறியது. எங்கள் காற்றில் எப்போதும் பறக்கும் சுண்ணக்கல் தூசிக்கு அந்த இடைவெளியைக் கெடுக்க ஒரு சிட்டிகை போதும். நூல் பிரியும் பழந்துணியால் வாய்களைத் துடைப்பதும் அதே கேட்டையே செய்யும்.

மின்பழுதுகளுக்கு இங்கே முதற் காரணம் உப்புக்காற்று. ஸ்ராற்றர் "டிக்" என்று மட்டும் ஒலித்தால் பற்றரியை மாற்றச் சொல்லும் முன், ஸ்ராட் செய்யும்போது பற்றரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் மல்ரிமீற்றரை வையுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பிழை எர்த் வயரிலும் அதன் பூட்டிலும் இருக்கிறது. அவற்றைச் சுரண்டிச் சுத்தமாக்கி இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். தீவுப்பகுதிகளிலும் ஆனையிறவு உப்பளப் பக்கமும் ஓடும் இயந்திரங்களில் நான் கண்ட மின்பழுதுகளில் பாதிக்கு மேல் இவ்வளவோடு தீர்ந்தவை. வயரைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்காலத்தில் எஞ்சின் திக்கி நின்றால் டீசலில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பின் பலர் பரலில் டீசல் சேமிக்கப் பழகிவிட்டார்கள். மழையில் நின்ற பரலின் மூடிக்குள்ளால் தண்ணீர் இறங்கிவிடும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைக் கண்ணாடிப் போத்தலுக்குள் வடித்தால் அடியில் தண்ணீர் தனியாகத் தெரியும். அந்தப் போத்தலை உரிமையாளருக்குக் காட்டுவதே சிறந்த விளக்கம். கொமன் றெயில் எஞ்சினாக (எல்லா இன்ஜெக்ற்றர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் எஞ்சின்) இருந்தால், உள்ளே அடைபட்ட காற்றை எடுப்பதற்கு உயர் அழுத்தக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும்.

எஞ்சின் கொதித்தால் ரேடியேற்றரின் வெளிப்புறத்தையும் உட்புறத்தையும் ஒருங்கே பாருங்கள். வெளியே, ஒயில் ஈரத்தோடு சேர்ந்த சுண்ணக்கல் தூசி களிபோல அடைத்திருக்கும். அதைக் காற்றோட்டத்துக்கு எதிர்த்திசையிலிருந்து ஊதி எடுக்க வேண்டும். உள்ளே, எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்திருக்கும். வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதே ரேடியேற்றரின் குழாய்களிலும் படிகிறது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதை ஓட்டுபவர்கள் நிறுத்த வேண்டும் என்று நான் போகுமிடமெல்லாம் கெஞ்சிக் கேட்கிறேன். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் ஒரு ரேடியேற்றரின் விலையோடு ஒப்பிட்டால் மிகவும் மலிவானவை.

நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போவதாயின் குறிகட்டுவானில் படகேறும் முன்னரே எல்லாவற்றையும் முடிவுசெய்ய வேண்டும். ஓட்டுபவரைக் காணொளி அழைப்பில் வைத்து ஒயில் மட்டத்தையும் பில்ரரையும் பார்க்கச் செய்யுங்கள், சந்தேகப்படும் பாகத்தோடு அடுத்த இரு சாத்தியங்களுக்கான பாகங்களையும் கொண்டுசெல்லுங்கள், கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கருவிகளைக் கட்டத் தொடங்குங்கள். அவசரத்தில் இறுக்க மறந்த ஒரு பூட்டு, மறுநாள் முழுவதையும் தின்றுவிடும்.

கழிவு ஒயில் பற்றி நான் கண்டிப்பாக இருக்கிறேன். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றில்லை. நாம் நம்பியிருப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே. அந்தக் கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் உண்டு என்பதால், மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலேயே கீழே போய்விடும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விடயம் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எத்தனை குடும்பங்களைக் கலங்கவைத்தது என்பதை நாம் கண்டோம். ஆகவே தார்ப்பாயை விரித்து, தட்டு வைத்து வடித்து, பழைய ஒயிலையும் பில்ரர்களையும் மூடிய கலனில் கராஜுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, சேகரிப்பவரிடம் கொடுங்கள். தவறிச் சிந்தினால் மரத்தூளைப் போட்டு ஒற்றி, நனைந்த மண்ணையும் அள்ளிக்கொண்டு வாருங்கள். அது யாரோ ஒருவருடைய கிணற்றடியிலிருந்து நூறு அடியில் இருக்கலாம்.

கூலியையும் பயணச் செலவையும் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். திருத்தி முடிந்ததும் உடனே வானில் ஏறாமல், இயந்திரத்தை அரை மணி நேரம் உண்மையான பாரத்தோடு வேலை செய்யவிட்டு, சூடான நிலையில் மூட்டுகள் எல்லாவற்றையும் அட்டைத் துண்டால் மறுபடி சோதித்து, எஞ்சினை நிறுத்தி ஒயில் மட்டத்தை மீண்டும் பார்த்து, மணிக்கணக்கு மீற்றரின் இலக்கத்தையும் மாற்றிய பாகத்தின் இலக்கத்தையும் கொப்பியில் எழுதி, அதன் படத்தை உரிமையாளருக்கு அனுப்பிவிட்டுப் புறப்படுங்கள்.