எந்த அமாரோ என்று கேளுங்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் பார் வேலைக்கு வந்து பதினொரு வருடம். போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், முதல் வருடம் நான் அடித்த மாதிரியே ஒரு கூத்து அடித்தார். பாதாம் மணக்கும் இனிப்பு மதுவான அமாரெத்தோவையும் கசப்பு மதுவான அமாரோவையும் குழப்புவதெல்லாம் ஒரு கிழமையில் சரியாகிவிடும், அதை விடுங்கள். இது வேறு. அதையும் அமாரோவில் நடக்கும் மற்றப் பிழைகளையும் கீழே சொல்கிறேன்.

எல்லாம் கசப்புத்தானே என்று ஊற்றுவது

அமாரோ என்றால் இத்தாலிய மொழியில் கசப்பு. வேர், பட்டை, மூலிகை, பழத்தோல் எல்லாவற்றையும் மதுசாரத்தில் ஊறவைத்து இனிப்புச் சேர்த்தது. ஆனால் அது ஒரு போத்தலின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர்.

எட்டுப் பேர் மேசை. சாப்பாடு முடிந்ததும் "எல்லோருக்கும் அமாரோ" என்றார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கைக்குக் கிட்ட நின்ற ஃபெர்னெட் பிராங்காவை எட்டுக் கிளாசில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். 1845-இல் மிலானில் தொடங்கியது, 27 மூலிகை, 39 சதவீத மதுசாரம். பரியாரியார் தந்த கசாயத்தில் புதினாவைக் கசக்கிப் போட்டதுபோல இறங்கும். ஒரு பெண் உதட்டில் வைத்ததும் தண்ணீரைத் தேடினார். ஏழு கிளாஸ் அப்படியே திரும்பி வந்தது. எட்டாவதை ஒரு கிழவர் ரசித்துக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். ஏழுக்கும் காசு என் சம்பளத்தில் போனது.

அவர்கள் மனதில் இருந்தது அவெர்னா. இங்கே சிசிலியில், கல்தானிசெத்தாவில் 1868-இல் பிறந்தது, 29 சதவீதம். கருகிய சீனியும் தோடம்பழத் தோலும் மணக்கும். பொலோஞாவின் மொந்தேநேக்ரோ 23 சதவீதம், இன்னும் மென்மை. ஆர்ட்டிசோக் என்ற காய்ச்செடியின் இலை சேர்ந்த சினார் 16.5 சதவீதம்தான். முதல் தடவை குடிப்பவருக்கு இவற்றில் ஒன்றைக் கொடுத்திருந்தால் போதும்.

காசு போனதைவிட எரிச்சல் இதுதான்: அந்த ஏழு பேரும் அமாரோ என்றாலே இனி முகத்தைச் சுளிப்பார்கள். "எந்த அமாரோ?" என்று கேட்க இரண்டு விநாடி. அந்தத் தம்பியோ சிவப்புக் கசப்பு மதுவான கம்பாரி முடிந்துவிட்டது என்று, அதை ஜின்னோடும் வெர்மூத்தோடும் கலக்கும் நெக்ரோனி காக்டெயிலில் ஃபெர்னெட்டை ஊற்றினார். ஜின்னும் வெர்மூத்தும் இருந்த இடமே தெரியவில்லை.

முன்தட்டோடு நிற்பது

பாரின் முன்தட்டில் கண்ணில் படும் சிவப்பும் செம்மஞ்சளும் கம்பாரி, அப்பெரோல். அவை சாப்பாட்டுக்கு முன். குடிக்கப் போகிறவர்களே, அவற்றுக்குப் பின்னால் நிற்கும் கறுத்த போத்தல்களைக் காட்டிக் கேளுங்கள். அந்தந்த ஊர்ச் சரக்கையும் கேளுங்கள்: கலாப்ரியாவில் வெக்கியோ அமாரோ தெல் காப்போ, மலைப்பக்கம் போர்மியோவில் பிராவுலியோ.

எல்லாவற்றுக்கும் ஐஸ்

தெல் காப்போ ஃப்ரீசரிலிருந்து நேராக வரட்டும். அவெர்னாவுக்கு இரண்டு கட்டி, ஒரு தோடம்பழத் தோல். பிராவுலியோவுக்கு நான் போட மாட்டேன்.

கோப்பிக்கு முன் கொடுப்பது

கோப்பிக்குப் பின் வரும் இந்தக் கிளாஸை அம்மாத்ஸாகஃபே என்பார்கள், கோப்பியைக் கொல்வது என்று அர்த்தம். கோப்பி வராமல் எதைக் கொல்வது?

ஒரே மடக்கு

வேண்டாம்.

ஃபெர்னெட்டில் கோலா கேட்டால் சிரிப்பது

கேட்டவர் அநேகமாக ஆர்ஜென்டினாக்காரர். அங்கே அதுதான் வழக்கம். நிறைய ஐஸ் போட்டு, நுரை வழியாமல் மெதுவாக ஊற்றுங்கள்.