படகில் கேஸ் வாசனை வந்தால் என்ஜினைத் தொடாதீர்கள்

தூத்தூர், குளச்சல் பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாருக்கும் இது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. படகில் கசிந்தால் நேரே கீழே இறங்கி, என்ஜின் அறையிலும் அடிப்பள்ளத்திலும் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அப்புறம் ஒரு சிறு பொறி போதும்.

அதனால் சிலிண்டரை மேல்தளத்தில், காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். உப்புக்காற்று இரும்பைச் சீக்கிரம் அரிக்கும். கிளம்பும் முன் ரெகுலேட்டர், டியூப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது.

வாசனை அடித்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். லைட் சுவிட்ச், என்ஜின் எதையும் தொடாமல் படகின் அறை மூடிகளைத் திறந்து காற்றாட விடுங்கள். வாசனை போனபின்னும் கொஞ்சம் பொறுங்கள், அவசரமே வேண்டாம்.

மழைக்குளிரில் கேபினை அடைத்துக்கொண்டு அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள். அங்கே சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு என்று யார் சொன்னாலும் உடனே எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். கரையில் கேஸ் கசிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.