மனு போகும் வாசல் எது? ஆன்லைன் தளங்களை ஒப்பிடும்போது நாம் செய்யும் தவறுகள்

2024 மே முதல் வாரத்தில் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் இருந்தவர்களுக்கு அந்தப் பரபரப்பு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 42 யானை வழித்தடங்களை அடையாளம் கண்டு ஒரு வரைவு அறிக்கையை வனத்துறை ஏப்ரல் கடைசியில் இணையத்தில் ஏற்றியிருந்தது. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கருத்துச் சொல்ல மே 5 வரைதான் அவகாசம். எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு அந்த நாலைந்து நாளில் வந்தவர்கள் ஒவ்வொருவர் போனிலும் ஒரு லிங்க் இருந்தது. ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த கையெழுத்து இயக்கத்தில் பெயரைப் போட்டுவிட்டு, "நம்ம வேலை முடிஞ்சுதுண்ணா" என்றார். இன்னொருவர் மாநில அரசின் குறைதீர் எண்ணான 1100-க்குப் போன் செய்து மனு எண் வாங்கி வைத்திருந்தார். மூன்றாமவர் டெல்லிக்கே எழுதிவிட்டேன் என்று மத்திய அரசின் புகார் தளத்தில் போட்டதைக் காட்டினார். கருத்தை அனுப்பச் சொல்லியிருந்த முகவரிக்கு எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அன்றிலிருந்து யாராவது "எந்த சைட் நல்லது?" என்று கேட்டால், "முடிவு இப்போ யார் மேசையில இருக்கு?" என்று திருப்பிக் கேட்கிறேன். அது தெரியாமல் தளங்களை ஒப்பிடுவது, எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாமல் பஸ்ஸின் சீட் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரிதான்.

புகார்ப் பெட்டியும் கருத்துக் கேட்பும்

அதிகம் நடக்கிற தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெருவிளக்கு எரியவில்லை, முதியோர் பென்ஷன் இரண்டு மாதமாக வரவில்லை, மழையில் சரிந்த மண் குடிநீர்க் குழாயை அடித்துக்கொண்டு போய்விட்டது. இவை குறைகள். இவற்றுக்கு மாநில அளவில் 2021-ல் தொடங்கிய 'முதல்வரின் முகவரி' துறை இருக்கிறது, அதன் 1100 எண் இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளுக்கு சிபிகிராம்ஸ் தளம். மனுவை உரிய அலுவலரிடம் தள்ளிவிட்டு, அவர் பதில் போட்டாரா என்று கணக்கு வைப்பது இவற்றின் வேலை. அலுவலர் இருக்கிற விதிப்படிதான் பதில் எழுத முடியும். விதியையே மாற்றுங்கள் என்று அவரிடம் கேட்டால் 'அரசின் கொள்கை முடிவுக்கு உட்பட்டது' என்று ஒற்றை வரி வரும். அவர் மேல் தப்பில்லை, நாம் தட்டிய வாசல் அப்படி.

முடிவு எடுப்பதற்கு முன்னால் மக்களைக் கேட்கும் வாசல்கள் வேறு. மத்திய அரசு சட்டம் கொண்டுவரும் முன் வரைவை எளிய விளக்கத்தோடு குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று 2014-ல் ஒரு கொள்கை வகுத்தது. கொள்கைதான், சட்டம் இல்லை. ஆகவே மீறினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் பெரிய திட்டங்களுக்கு 2006 அறிவிக்கையின்படி கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், ஆட்சியரோ அவர் நியமிக்கும் அதிகாரியோ தலைமை வகிப்பார், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டம் முடியும்போது பதிவு செய்ததை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு "வாசிங்க சார்" என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மலைக்காரர்களுக்கு இவற்றைவிட முக்கியமான வாசல் மாஸ்டர் பிளான். ஊட்டியோ கொடைக்கானலோ, பக்கத்து மனையில் நாலு மாடி எழும்பி நம் வீட்டு வெயிலை மறைத்த பிறகு புகார் தளத்தைத் தேடுகிறோம். எது குடியிருப்பு, எது விவசாயம், எது வணிகம் என்று கோடு போட்ட காலத்தில் ஆட்சேபனை கேட்டு விளம்பரம் வந்திருக்கும். 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி அதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் உண்டு. எழுத்தில் கொடுத்த ஆட்சேபனை அந்தத் திட்டத்தின் கோப்பில் சேரும். பத்திரிகையின் மூலையில் பொடி எழுத்தில் வந்த அந்த விளம்பரத்தைப் பஜ்ஜி மடிக்கும்போது பார்த்தவர்கள்தான் அதிகம்.

நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தையும் இந்தத் தளங்களில் போட்டுக் காலத்தைக் கழிக்கிறார்கள். சிபிகிராம்ஸ் அப்படிப்பட்ட மனுக்களை எடுக்காது. நீலகிரியில் மசினகுடிப் பக்கத்துச் சிகூர் யானை வழித்தட வழக்கில் 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பாதிக்கப்பட்டவர்களின் ஆட்சேபனைகளைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவை அமைக்கச் சொன்னது. அந்த விஷயத்தில் வாசல் அந்தக் குழுதான். மசினகுடிக்காரர் அதை விட்டுவிட்டு 1100-க்கு எத்தனை முறை அழைத்திருந்தாலும் கையில் மிஞ்சியிருப்பது மனு எண் மட்டுமே.

கையெழுத்து எண்ணிக்கையில் மயங்குவது

"இதுல ரெண்டு லட்சம் பேர் போட்டிருக்காங்கண்ணா, அரசாங்கம் பதில் சொல்லியே ஆகணும்." அப்படி ஒரு கட்டாயம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தில் எழுதியிருக்கிறது. 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தரும், 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். பின்லாந்தில் ஆறு மாதத்துக்குள் 50,000 பேர் சேர்ந்தால் ஒரு குடிமக்கள் முன்மொழிவு நாடாளுமன்றத்துக்கே போகும். தனியார் கையெழுத்துத் தளங்களுக்கு நம் நாட்டில் அப்படி எந்தச் சட்ட பலமும் இல்லை. அவை ஊரைக் கூட்டவும் பத்திரிகையின் கவனத்தை ஈர்க்கவும் பயன்படும், அதற்காக மட்டும் போடலாம்.

சட்ட பலம் இருக்கிற இடத்திலும் எண்ணிக்கை வேறு, முடிவு வேறு. 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்சிட்டைக் கைவிடச் சொல்லி அந்தப் பிரிட்டன் தளத்தில் 60 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்திட்டார்கள். விவாதம் நடந்தது. அரசு மறுத்துவிட்டது.

இன்னொன்று, ஒரே வாசகத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவது. கருத்துக் கேட்பில் அது பெரும்பாலும் ஒரே கருத்தாகத்தான் எண்ணப்படும் என்று வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. பந்தலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கடையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்: எங்கள் பாடிக்கு (குடியிருப்புக்கு) மேலே இருக்கும் ஓடையை ஒட்டி யானை எந்த மாதத்தில் இறங்குகிறது, பலா பழுக்கும்போது எந்தப் பக்கமாகத் திரும்புகிறது, வரைபடத்தில் போட்ட கோடு எந்தப் புல எண்ணில் தப்பாக விழுந்திருக்கிறது. ஒன்றரைப் பக்கம். ஒரு அதிகாரியால் தட்டிக்கழிக்க முடியாத மனு என்றால் அதுதான். யானைக்கு வழி வேண்டாம் என்று அவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

மொழியை ஒப்பிடாமல் விடுவது

முகப்பில் தமிழ் என்று ஒரு பொத்தான் இருந்தால் தமிழ்த் தளம் என்று நினைத்துவிடுகிறோம். பொத்தானை அழுத்தினால் மெனு தமிழாகும், உள்ளே இருக்கும் வரைவு ஆங்கில பிடிஎஃப்பாகவே கிடக்கும். ஒப்பிட வேண்டியது அந்த ஆவணத்தின் மொழியை. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லி, கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. எனவே கருத்துச் சொல்லும்போது முதல் வரியிலேயே "தமிழ்ப் பெயர்ப்பும் கூடுதல் அவகாசமும் தேவை" என்று எழுதிவிடுங்கள். பிறகு யாராவது நீதிமன்றம் போனால் அந்த வரி உதவும்.

மத்திய அரசின் மைகவ் தளத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். 2014 ஜூலை 26-ல் தொடங்கியது. வினாடி வினா, இலச்சினைப் போட்டி, கருத்துப் பலகை எல்லாம் அதில் உண்டு. சில நேரம் வரைவுக் கொள்கைகளும் வரும். கல்லூரிப் பிள்ளைகள் அதில் சான்றிதழ் வாங்கி ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள், வைக்கட்டும். வினாடி வினாவில் கலந்துகொள்வதை அரசு முடிவில் பங்கெடுப்பதாக எண்ணாமல் இருந்தால் போதும்.

மென்பொருள் வந்தால் ஜனநாயகம் வந்துவிடும் என்பது

கோத்தகிரியில் ஐடி வேலையை வீட்டிலிருந்து பார்க்கும் தம்பி ஒருவர், மக்கள் யோசனை சொல்லவும் முடிவில் பங்கெடுக்கவும் பார்சிலோனா நகரம் வைத்திருக்கும் டெசிடிம் தளம் மாதிரி நமக்கும் ஒன்று வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார். டெசிடிம் நல்ல கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் எடுத்து நிறுவலாம். ஆனால் மாட்ரிட் நகரில் நடந்ததைப் பாருங்கள். 2015-ல் தொடங்கிய அவர்கள் தளத்தில் யாரும் யோசனை சொல்லலாம், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர், அதாவது சுமார் 27,000 பேர் ஆதரித்தால் நகரமே அதன் மேல் வாக்களிக்கும். ஆயிரக்கணக்கில் யோசனைகள் குவிந்தன. 2017 பிப்ரவரியில் வாக்கெடுப்புக்குப் போனவை இரண்டே இரண்டு. அதே தளத்தில் இன்னொரு பகுதி, பட்ஜெட்டில் ஒரு பங்கை மக்களே ஒதுக்குவது. 2017-ல் அதற்கு 10 கோடி யூரோ வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பணம் இருந்தது, வேலை நடந்தது. இரண்டு பகுதிக்கும் மென்பொருள் ஒன்றேதான்.

தைவானில் பயன்படுத்திய போலிஸ் என்ற கருவி எனக்குப் பிடித்தது (நம் காவல் துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). அதில் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் எழுத முடியாது. ஏற்கிறேன், ஏற்கவில்லை, கடக்கிறேன், அவ்வளவுதான். வாய்ச்சண்டை அடங்கி, எந்த வாக்கியத்தில் இரு தரப்பும் ஒத்துப்போகிறார்கள் என்பது மேலே வரும். 2015-ல் ஊபர் டாக்சி பிரச்சினையை அப்படித்தான் பேசினார்கள். பச்சைத் தேயிலை விலை பற்றி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கருவி ஞாபகத்துக்கு வரும். ஆனால் தைவானில் அதன் முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு விதி எழுத அரசுத் தரப்பில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே அந்த நாற்காலியில் யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

போன் எண், ஓடிபி, 'முடிக்கப்பட்டது'

இது என் சொந்தத் தவறு. அவசரத்தில் வருகிறவர்களுக்கு ஓடிபி உடனே வரட்டும் என்று என் எண்ணையே போட்டு மனுக்களைப் பதிந்து கொடுத்தேன். கீழ்நாடுகாணிப் பக்கம் சிக்னல் இல்லாத இடத்திலிருந்து வருகிறவரிடம் வேறு என்ன செய்ய? விளைவு, முப்பது பேருடைய பதில் என் போனில். விசாரணைக்கு அழைத்த அலுவலர்கள் என்னை அழைத்தார்கள். ஒரு பாட்டியின் மனு 'மனுதாரரைத் தொடர்புகொள்ள இயலவில்லை' என்று மூடப்பட்டது. அன்றைக்கு நான் கடைக்கு லீவு. இப்போது வீட்டில் யாராவது ஒருவர் எண் இல்லாமல் பதிவதில்லை. எண் இல்லாதவர்களுக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டமே மேல். முத்திரை போட்ட ரசீது கையில் கிடைக்கும்.

'முடிக்கப்பட்டது' என்ற சொல்லைப் பார்த்ததும் சிலர் சந்தோஷப்படுகிறார்கள், சிலர் சோர்ந்துவிடுகிறார்கள். மனு முடிந்ததென்றால் பதில் போட்டாயிற்று என்று மட்டுமே அர்த்தம். திறந்து வாசியுங்கள். சிபிகிராம்ஸில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. கருத்துக் கேட்பில் சொன்னதற்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம்தான் துணை. 10 ரூபாய் கட்டணம், 30 நாள். 'ஏன் எங்கள் கருத்தை ஏற்கவில்லை?' என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும். 'வந்த ஆட்சேபனைகளின் பட்டியல், அவற்றின் மீது எழுதப்பட்ட குறிப்பின் நகல்' என்று கேளுங்கள்.

ஆன்லைனில் இல்லாததை மறந்துவிடுவது

ஒப்பீட்டுப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகர்ப்புறத்தில் 2022-க்குப் பிறகு பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006 சொல்லும் கிராம சபை இதிலிருந்து வேறு. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகளில் அந்தந்தப் பாடி அளவில் கூடுவது அது. ஊராட்சிக் கூட்டத்தில் கையைத் தூக்கியதால் அந்த வேலை முடிந்ததாக ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு உரிமை மனு திரும்பி வந்த கதைகள் இங்கே உண்டு.

போன நவம்பர் 1 கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். டீ, பிஸ்கட், வருகைப் பதிவேடு. எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்த அக்கா மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கடைசிவரை இருந்தார். "என்னக்கா, போடலையா?" என்றேன். "தீர்மானத்தை எழுதட்டும் தம்பி. வெள்ளைப் பக்கத்துக்குக் கீழ நான் போடறதில்ல" என்றார்.