நெல்லைச் சீமைக்குப் போகிறவர்கள் பழைய பாஸ்புக்கை நம்ப வேண்டாம்

வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் சிங்கப்பூர் கார்டு வேலை செய்யும். பாபநாசம் ரோட்டில் பதநீர் விற்கிறவரிடம் செய்யாது. அவர் சைக்கிளில் கியூஆர் அட்டை தொங்குகிறது. அதை ஸ்கேன் பண்ண, போனிலேயே பணம் கட்டும் யுபிஐ வேண்டும், யுபிஐக்குப் பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்கு வேண்டும். வினை அங்கேதான் ஆரம்பம்.

சிங்கப்பூரில் இருக்கும் எனக்கு ஊர்க் கிளையில் ஒரு என்ஆர்ஓ கணக்கு, அதாவது வெளிநாடு வாழ் இந்தியருக்கான கணக்கு, உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் நாமாகப் போடாமல், எடுக்காமல் விட்டால் கணக்கைச் செயலற்றது என்று ஒதுக்கிவிடுவார்கள். அதை உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது, முழு விண்ணப்பம் கொடுத்த மூன்று வேலை நாளில் முடிக்க வேண்டும் என்பது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. சூட்சுமம் 'முழு' விண்ணப்பத்தில் இருக்கிறது.

முதலில் பாஸ்போர்ட் நகல். அதிலுள்ள முகவரியைப் பார்த்த கவுன்டர் அம்மா, "அந்த வீட்டத்தான் வித்துட்டியளே சார்" என்றார். ஊர் சின்னது. அப்பா காலமானதும் விற்ற வீடு. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் அது காதில் விழுந்தது. சரி, வெளிநாட்டு முகவரிச் சான்று கொடுத்தேன். அப்புறம் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. கம்ப்யூட்டர் திரையில் இருந்தது கல்லூரிப் பையனாக நான் தமிழில் போட்ட கையெழுத்து, 'ழ'வின் வால் அடுத்த எழுத்தையே தொட்டுக்கொண்டிருந்தது. செலான் முதுகில் எழுதி எழுதிப் பார்த்தேன், கை வளையவில்லை. மேனேஜர் சாப்பிட்டு வந்து பார்த்தார். அதற்குள் சர்வர் போய்விட்டது. நாளைக்கு வாங்க.

இத்தனையும் அக்கா மகள் கல்யாணத்துக்காக. நான் தாய்மாமன். உன் கணக்குக்கே நேராக அனுப்பிவிடுகிறேன் என்றதற்கு அக்கா, "ஏல, சபையில தட்டுல வைக்கணும்லா. போன்ல அனுப்புனா யாருக்குத் தெரியும்?" என்றாள். பதினைந்து வருடம் எல்லா விசேஷத்துக்கும் பணமாக மட்டுமே வந்து சேர்ந்தவனிடம் அவள் வேறென்ன கேட்பாள்?

கணக்கு உயிர்பெற்ற எஸ்எம்எஸ் நான் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு வந்தது.

ஆகவே கேஒய்சி என்கிற அடையாள, முகவரிச் சரிபார்ப்பு வேலையைக் கிளம்புவதற்கு மாதக்கணக்கில் முன்பே ஈமெயிலில் தொடங்குங்கள். என்ஆர்ஓவோ, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கோ உயிரோடிருந்து வங்கியும் அனுமதித்தால் சிங்கப்பூர் நம்பரிலேயே யுபிஐ கிடைக்கும். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ரூபாய் வாங்கிப் போகலாம், ஆனால் ஆளுக்கு 25,000 வரைதான் அனுமதி. மீதிக்கு ஏடிஎம். உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்குப் போடட்டுமா என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த ரேட் கொள்ளை. பழைய 2,000 ரூபாய் நோட்டு பெட்டியில் கிடந்தால் ஊர் வங்கியில் நீட்டாதீர்கள். ரிசர்வ் வங்கி அலுவலகத்தில்தான் மாற்ற முடியும், நமக்குப் பக்கம் திருவனந்தபுரம்.

சிங்கப்பூரின் போன் வழிப் பணப் பரிமாற்றமான பேநவ்வை யுபிஐயோடு சேர்த்து 2023இல் வந்த இணைப்பில் சொந்தக்காரர் கணக்குக்கு அனுப்பி, ரொக்கமாக வாங்கிக்கொள்வதும் ஒரு வழி. வேகமாகப் போய்ச் சேரும். எவ்வளவு அனுப்பினீர்கள் என்ற செய்தி அதைவிட வேகமாகத் தெருவெல்லாம் போய்ச் சேரும். மறுநாள் காலை காப்பிக்கு முன்னாலேயே சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார், கையில் டிராக்டர் லோன் நோட்டீஸோடு.