பேட்டரியைக் கழற்ற முடியாத மடிக்கணினி: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பேட்டரி போய்விட்டது, உள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்கள், இனி மாற்ற முடியாது” என்று நல்ல மடிக்கணினியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களை ரிச்சி தெருவில் இன்றும் பார்க்கலாம். முதல் தவறு இதுதான். பணக்கணக்கில் பார்த்தால் இருப்பதிலேயே பெரிய தவறும் இதுதான்.

உள்பேட்டரி என்றால் அடியில் உள்ள தாழைத் தள்ளிக் கையால் உருவ முடியாது, அவ்வளவுதான். பெரும்பாலான விண்டோஸ் மடிக்கணினிகளில் அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் பேட்டரி கண்ணெதிரே படுத்திருக்கும். சில திருகுகள், மதர்போர்டில் செருகிய ஒரு கனெக்டர். பழகிய கைக்கு இது பெரிய வேலையே அல்ல. விதிவிலக்கும் உண்டு. 2012-இல் வந்த ரெட்டினா திரை மேக்புக் ப்ரோவில் ஆப்பிள் பேட்டரியைப் பசை வைத்தே ஒட்டிவிட்டது. அத்தகைய கருவிகளில் வேலையும் அதிகம், கூலியும் அதிகம்.

நிறுவனங்கள் இந்த வழிக்குப் போனதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய பேட்டரிகளுக்குள் இருந்தவை பெரும்பாலும் 18650 என்ற உருளை செல்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதற்குக் கீழே மடிக்கணினியின் தடிமனைக் குறைக்க வழியில்லை. போதாததற்குக் கழற்றி மாட்டும் பேட்டரிக்குக் கெட்டியான கூடு வேண்டும், தாழ் வேண்டும். இவற்றை எடுத்துவிட்டுத் தட்டையான பை வடிவ செல்களை வைத்தால் அந்த இடமும் மின்சாரம் சேமிக்கப் பயன்படும். 2009 ஜனவரியில் 17 அங்குல மேக்புக் ப்ரோவை உள்பேட்டரியுடன் அறிவித்தபோது, 8 மணி நேரம் வரை ஓடும் என்று ஆப்பிள் சொன்னதன் பின்னணி இதுதான்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு லாபம். பேட்டரி தேயாமல் இருக்கட்டும் என்று அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, வெறும் சார்ஜரில் மடிக்கணினியை ஓட்டியவர்கள் முன்பு நிறையப் பேர். பராமரிப்புப் பணிக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நொடியில் பாதி எழுதிய கோப்பும் போய்விடும். இப்போது அந்த விபரீத சிக்கனத்துக்கு வாய்ப்பில்லை.

இழந்தது எதை? பையில் ஒரு கூடுதல் பேட்டரி வைத்துக்கொள்ளும் வசதியை. லெனோவோவின் திங்க்பேட் டி480-இல், உள்ளே ஒரு சிறு பேட்டரி, வெளியே கழற்றக்கூடிய இன்னொன்று. கணினியை அணைக்காமலே வெளிப்பேட்டரியை மாற்றலாம். அருமையான ஏற்பாடு. அடுத்து வந்த டி490-இல் அதை நீக்கிவிட்டார்கள். இன்று டைப்-சி வழியே சார்ஜ் ஏறும் கருவி என்றால் பவர் பேங்க் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் செல்பேசிக்கு வாங்கியது போதாது. சார்ஜர் 65 வாட் என்றால் பவர் பேங்கும் அதற்கு நெருங்கிய அளவு தர வேண்டும்.

வாங்கும்போது நினைவகம், திரை எல்லாம் விசாரிக்கிறோம்; பேட்டரியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. கருவிக்கு நீண்ட உத்தரவாதம் இருந்தாலும் பேட்டரிக்குத் தனியாக ஓர் ஆண்டு மட்டுமே தரும் நிறுவனங்கள் உண்டு. பில் போடும் முன் இதைக் கேட்க வேண்டும். டெல், ஹெச்பி, லெனோவோ போன்றவை பல மாடல்களுக்குச் சர்வீஸ் கையேட்டை இணையத்தில் வைத்திருக்கின்றன. பேட்டரியைக் கழற்றும் பக்கத்தைப் புரட்டினால் திருகா, பசையா என்பது தெரிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி விதிமுறை, பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி கருவிகள் இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதற்காக இப்போதைய தேவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இனி வெயில். லித்தியம் அயான் செல்லுக்கு ஒத்துக்கொள்ளாதவை இரண்டு: சூடு, நிறைந்த சார்ஜ். இரண்டும் சேர்ந்தால் உள்ளே நடக்கும் வேதிவினைகள் வேகமெடுத்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அக்னி நட்சத்திரத்தில், மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில், மெத்தைமேல் காற்றுத் துளைகள் அடைபட, நாள் முழுக்கச் சார்ஜரிலேயே 100 சதவீதத்தில் நிற்கும் மடிக்கணினியை நினைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களில் பலருடைய கருவி இப்படித்தான் வாழ்கிறது. சார்ஜரை அடிக்கடி பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. லெனோவோ, ஆசுஸ், டெல் போன்றவற்றின் செயலிகளில் சார்ஜை 80 சதவீதம் அல்லது அதற்கும் கீழே நிறுத்தும் அமைப்பு உண்டு. அதை ஒருமுறை இயக்கிவிட்டுச் சார்ஜரை அப்படியே விட்டுவிடலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மடிக்கணினியை வைத்துவிட்டுப் போனால் மட்டும் அந்தச் சூட்டிலிருந்து காக்க எந்த அமைப்பும் இல்லை. கையோடு எடுத்துச் செல்ல வேண்டியதுதான்.

முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும், மாதம் ஒருமுறை பூஜ்யம்வரை இறக்க வேண்டும் என்பவை நிக்கல் காட்மியம் காலத்துச் சடங்குகள். விட்டுவிடலாம். நீண்ட விடுமுறைக்குப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள்.

உள்பேட்டரியின் உண்மையான ஆபத்து தண்ணீரில் தெரியும். காபி கொட்டினால் அந்தக் காலத்தில் பேட்டரியை உருவினால் போதும், மின்னோட்டம் நின்றுவிடும். இப்போது கணினியை அணைத்தாலும் பேட்டரி மதர்போர்டின் சில பகுதிகளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஈரத்தோடு அது சேர்ந்தால் அரிப்பு. ஐப்பசி மழையில் பை நனைந்தவர்கள் செய்யும் தவறு, “வேலை செய்கிறதா பார்ப்போம்” என்று உடனே பட்டனை அழுத்துவது. அரிசிக்குள் புதைப்பதும் வீண். சார்ஜர் செருகியிருந்தால் எடுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், அணைந்திருந்தால் பட்டனைத் தொடாதீர்கள். பிறகு கூடாரம்போலக் கவிழ்த்து வைத்து, அன்றைக்கே அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரை எடுக்கச் செய்யுங்கள்.

மாற்று பேட்டரி வாங்குவதில்தான் ஏமாற்று அதிகம். அதற்கு முன் பழையது உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் ஆரம்பக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் அருகருகே இருக்கும். மேக்கில் பேட்டரி அமைப்புகளில் அதன் நிலை தெரியும். தேய்ந்தது உறுதியானால், மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், பேட்டரிமேல் அச்சிட்ட பார்ட் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலில் இரண்டு வகை பேட்டரி வருவது சாதாரணம். கடைக்காரர் மில்லி ஆம்பியர் கணக்கைச் சொல்வார். நீங்கள் வாட்-அவரை, அதாவது பேட்டரி மொத்தம் எவ்வளவு மின்சக்தியைச் சேமிக்கும் என்ற அளவைக் கேளுங்கள். 11.4 வோல்ட், 3500 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் ஏறக்குறைய 40 வாட்-அவர். பெருக்கி 1000-ஆல் வகுத்துப் பார்த்தால் லேபிளில் போட்டிருக்கும் எண்ணோடு ஒத்துவர வேண்டும். அதே அளவு, அதே எடையில் இருமடங்கு கொள்ளளவு என்று எழுதியிருந்தால் அது எழுத்தில் மட்டுமே இருக்கும். தயாரித்த தேதியும் முக்கியம். அட்டைப் பெட்டிக்குள் கிடந்தாலும் செல் மூப்படையும்.

டச்பேட் மேலெழும்புகிறது, மூடி சரியாகப் பொருந்தவில்லை, அடிப்பகுதி மேசையில் ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இன்னும் இரண்டு மாதம் ஓட்டலாம் என்ற கணக்கு இங்கே கூடாது. அழுத்திச் சமப்படுத்துவதோ, ஊசியால் குத்திக் காற்றை விடுவதோ தீயில் முடியும். சார்ஜரை எடுத்து, அணைத்து, மெத்தை, காகிதம் போன்றவற்றிலிருந்து தள்ளி வைத்து, சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கழற்றுங்கள்; சாதாரண பேட்டரியை வீட்டில் தானே மாற்றுகிறவர்களும் இதில் கை வைக்க வேண்டாம். கழற்றியது மாநகராட்சிக் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது; குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. சர்வீஸ் சென்டரில் அதைக் கேட்டு ஒப்படைக்கலாம். இல்லையென்றால் அனுமதி பெற்ற மின்கழிவு மையத்திடம் கொடுங்கள், கனெக்டர் முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி.