நாஸின் பீட் பற்றி வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் ராப்பர் நாஸைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "வரியெல்லாம் சரி, ஆளுக்கு பீட் தேர்ந்தெடுக்கத் தெரியாது." பீட் என்றால் ராப் வரிகளுக்கு அடியில் ஓடும் இசை. 1994-இல் வந்த 'இல்மாட்டிக்' ஆல்பத்துக்குப் பிறகு எல்லாமே இறங்குமுகம் என்பது அவர்கள் கட்சி. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் வாதிடும் விதம்தான் பல நேரம் கோணலாகிவிடுகிறது.

பெரிய தவறு, ஆல்பத்தை மொத்தமாக எடைபோடுவது. 'இல்மாட்டிக்'கிலேயே டிஜே பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபசர், கியூ-டிப், எல்.இ.எஸ். என்று பீட் செய்த புரொட்யூசர்கள் பலர். 1996-இன் 'இட் வாஸ் ரிட்டன்' பெரும்பாலும் டிராக்மாஸ்டர்ஸ் என்ற புரொட்யூசர் குழுவின் வேலை. ஆனால் அதிலும் டாக்டர் டிரே ஒரு பாட்டு, பிரீமியர் ஒரு பாட்டு செய்திருக்கிறார்கள். "அந்த ஆல்பத்தில் பீட் சுமார்" என்றால் யாருடைய பீட்? புரொட்யூசர் பெயரையும் பாட்டையும் சொல்லிப் பேசினால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, குரலை விட்டுவிட்டு பீட்டை மட்டும் மதிப்பிடுவது. இதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டில் பிரீமியர், ஜோ சேம்பர்ஸின் ஜாஸ் பதிவிலிருந்து இருண்ட பியானோத் துணுக்கு ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட விடுகிறார். தனியாகக் கேட்டால் "இவ்வளவுதானா?" என்றுகூடத் தோன்றலாம். ஆனால் அந்த லூப் அசையாமல் நிற்பதால்தான், நாஸ் ஒரு வரியின் முடிவில் மூச்சு வாங்காமல் அடுத்த வரிக்குள் பாய்வது காதில் விழுகிறது. 2018-இன் 'நாஸிர்' ஆல்பத்தில் கான்யே வெஸ்ட் செய்த 'காப்ஸ் ஷாட் த கிட்' நேர்மாறு. ராப்பர் ஸ்லிக் ரிக்கின் குரல் துண்டு ஒன்று விடாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. யோசனை அட்டகாசம்தான். ஆனால் நாஸின் குரலுக்கு அது இடம் விடவில்லை.

"அந்தக் காலத்தில் சாம்பிளுக்கு அனுமதியே வேண்டாம், அதனால்தான் பீட் அப்படி இருந்தது" என்று சொல்வதும் தப்பு. (சாம்பிள் என்றால் பழைய பதிவிலிருந்து வெட்டி எடுக்கும் துணுக்கு.) அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்தது தவறு என்று ராப்பர் பிஸ் மார்க்கி வழக்கில் தீர்ப்பு 1991 டிசம்பரிலேயே வந்துவிட்டது. 'இல்மாட்டிக்' அதற்குப் பிந்தியது.

இன்னொன்று, ஆல்பத்தில் இடம்பெற்ற பாட்டுகளை மட்டும் வைத்து ரசனையைத் தீர்மானிப்பது. 1999-இல் 'ஐ ஆம்' வெளிவரும் முன்பே அதன் பாட்டுகள் இணையத்தில் கசிந்தன, திட்டம் மாறியது. அதே ஆண்டு அவசரமாக வந்த 'நாஸ்ட்ரடாமஸ்' பலருக்குப் பிடிக்கவில்லை. அப்போது ஒதுக்கப்பட்ட பாட்டுகள் சிலவற்றைச் சேர்த்து 2002-இல் வந்த 'த லாஸ்ட் டேப்ஸ்' கேட்டுப் பாருங்கள். நல்ல பீட் அவர் கையில் இருந்தது. எதை வெளியிடுவது என்ற முடிவில்தான் சறுக்கல்.

அப்புறம், பழைய பதிவையும் புதியதையும் ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்குங்கள். சத்தம் கூடியது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். போன் ஸ்பீக்கரில் கேட்டு பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) பற்றித் தீர்ப்பு சொல்லவே வேண்டாம்.

2020 முதல் 2023 வரை புரொட்யூசர் ஹிட்-பாயுடன் நாஸ் ஆறு ஆல்பங்கள் செய்தார். முதலாவதான 'கிங்ஸ் டிசீஸ்' கிராமியும் வென்றது. பழைய புகாரைச் சொல்பவர்கள் இந்த ஆறையும் கேட்டுவிட்டுப் பேசுவதுதான் நியாயம். நேரமில்லை என்றால் 2021-இன் 'மேஜிக்' போதும், அரைமணி நேரம்தான்.